முணுமுணுப்பு முதல் அலறல் வரை: உணர்ச்சியோடு பேசுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் மாலை வேளைகளில் மொழிபெயர்ப்புப் பழக வருகிறவர்களுக்கு நான் முதல் வாரம் கொடுக்கும் பயிற்சியில், கணவனுக்கு மனைவி பதில் சொல்லும் ஒரு வரி உண்டு. அந்த வரியின் வினைச்சொல் 'ஸ்னாப்'. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் "அவள் ஒடித்தாள்" என்று எழுதுவார். இன்னொருவர் அகராதியில் அடுத்த பொருளைப் பிடித்துக்கொண்டு "அவள் சொடுக்குப் போட்டாள்" என்பார். மூன்றாமவர் வம்பே வேண்டாம் என்று "அவள் கோபமாகச் சொன்னாள்" என முடித்துவிடுவார். முதல் இரண்டும் தவறு என்பது எழுதியவருக்கே சிறிது நேரத்தில் புரிந்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்தானது, அதில் பிழை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 'ஸ்னார்ல்', 'ஹிஸ்', 'யெல்', 'கிரவுல்' ஆகிய எல்லாவற்றையும் அதே "கோபமாகச் சொன்னாள்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் ஐந்து வேறு மனிதர்கள் ஒரே மனிதராகிவிடுவார்கள். 'ஸ்னாப்' என்பதற்கு நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல் இருக்கிறது: வெடுக்கென்று சொன்னாள். அந்தச் சொல் நினைவுக்கு வராமல் போனதற்குக் காரணம் தமிழறிவுக் குறைவன்று. ஆங்கிலச் சொல்லுக்குள் என்னென்ன அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததே.

அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக உண்டாக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஆங்கிலக் கதைகளை மூலத்தில் வாசிப்பவர்களுக்கும், மொழிபெயர்ப்பவர்களுக்கும், பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும் இது பயன்படும். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இதில் இரண்டு இடையூறுகள் உண்டு: ஓலமிடுவதைக் குறிக்கும் 'வெய்ல்' என்பதை வெயில் என்றும், மூக்கால் அழுவதைக் குறிக்கும் 'வைன்' என்பதைத் திராட்சை மது என்றும் வாசித்துவிட வேண்டாம்.

படி 1: ஒரே ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை. பேசப்படும் செய்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வினைச்சொல்லை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் அந்த வாக்கியம் இதுதான்: "தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை."

காவிரிப் படுகையில் இதைவிடப் பழகிய வாக்கியம் வேறில்லை. குறுவைக்காக வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டதும், கல்லணைக்கு வரும் நீர் அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்கள் வழியாக நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடை வயலுக்கு வந்து சேர வேண்டும். வந்து சேராத ஆண்டில் இந்த வாக்கியத்தை வாய்க்கால் கரையில் தனியாக நிற்பவர் சொல்வார்; மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் ஒருவர் சொல்வார்; ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொல்வார்; இரவில் மனைவியிடம் கூரையைப் பார்த்தபடி ஒருவர் சொல்வார். செய்தி ஒன்றே. தமிழில் நாம் இந்த நால்வரையும் "என்றார்" என்ற சொல்லால் குறித்துவிட்டு, மீதியை முன்னால் வரும் அடைகளுக்கு விட்டுவிடுகிறோம். ஆங்கிலமோ அந்த மீதியை வினைச்சொல்லின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறது.

1971ஆம் ஆண்டில் அர்னால்ட் ஸ்விக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர், இவ்வாறு பேசும் விதத்தைக் குறிக்கும் ஆங்கில வினைகள் தமக்கென்று தனி இலக்கண நடத்தை உடைய ஓர் இனம் என்று எடுத்துக்காட்டினார். நாம் அந்த இலக்கணத்துக்குள் முழுமையாக நுழையப் போவதில்லை. ஆனால் இவை ஓர் இனம் என்பதையும், ஆகவே ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் விளங்கும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

படி 2: தொண்டையில் கை வைத்துப் பாருங்கள்

முதலில் கேட்க வேண்டியது ஒலியைப் பற்றி. கழுத்தின் முன்புறம் விரல்களை வைத்துக்கொண்டு நம் வாக்கியத்தைக் காதோடு காதாகச் சொல்லிப் பாருங்கள். விரலில் அதிர்வு தெரியாது. குரல்நாண்கள் அதிராமல் மூச்சு மட்டுமே சொல்லாகிறது. இதுவே 'விஸ்பர்'. பிறர் கேட்கக் கூடாது என்ற எண்ணமோ, உறங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்ற கவனமோ இதற்குப் பின்னால் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வராததை ஒருவர் 'விஸ்பர்' செய்தால், இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று வாசகர் உடனே கேட்பார். அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே எழுத்தாளர் அச்சொல்லைத் தேர்ந்திருப்பார்.

இனி விரலை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, ஆனால் குரலோடு சொல்லுங்கள். அதிர்வு தெரியும். இந்தத் தாழ்குரலை ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. தமிழ்க் கற்போர் மூன்றையும் "முணுமுணுத்தார்" என்று ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். 'மம்பிள்' என்பதில் கோளாறு வாயில் இருக்கிறது. உதடு சரியாகத் திறப்பதில்லை. கூச்சம், தூக்கம், குற்ற உணர்வு, பல்லில்லாமை என எதுவும் காரணமாகலாம். "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று ஒரு பாட்டி பேரனைக் கேட்டால், அவன் 'மம்பிள்' செய்திருக்கிறான் என்று பொருள். 'மட்டர்' என்பதில் கோளாறு மனத்தில் இருக்கிறது. அவரால் தெளிவாகப் பேச முடியும்; பேச விரும்பவில்லை. எரிச்சல் இருக்கிறது, அதை எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவோ நிலையோ இல்லை. ஆகவே தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, ஆனால் பாதி காதில் விழும்படி சொல்கிறார். தமிழின் முணுமுணுத்தலுக்கு மிக நெருங்கியது இதுவே.

மூன்றாவது 'மர்மர்'. இலத்தீன் வழியாக வந்த இச்சொல்லைச் சற்றுக் கவனியுங்கள்: மர்-மர். நம் இரட்டைக்கிளவிகளைப் போல ஒலியை இரட்டித்துச் செய்த சொல். ஆங்கிலத்தில் ஓடையும் 'மர்மர்' செய்யும், இலையும் செய்யும், அன்புடன் தலையைத் தடவும் தாயும் செய்வாள். இதில் மென்மையும் தொடர்ச்சியும் உண்டு, எரிச்சல் கட்டாயமன்று. ஆனால் கூட்டத்தில் எழும் 'மர்மர்' அதிருப்தியாக இருக்கக்கூடும். ஒரு 'மர்மர்' கூட இல்லாமல் செய்தான் என்றால், மறுபேச்சில்லாமல் செய்தான் என்று பொருள். ஆகவே காதலன் காதலியிடம் 'மர்மர்' செய்யும் இடத்தில் "முணுமுணுத்தான்" என்று எழுதினால், அவன் அவள் சமையலைக் குறை சொல்வது போல ஆகிவிடும். "மெல்லிய குரலில் சொன்னான்" என்று நீட்டி எழுதுவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

படி 3: இரண்டு சோதனைகள்

ஒலி தெரிந்துவிட்டது. அடுத்து, சொல்லில் உண்மையிலேயே ஒலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் ஒலியே இல்லாத பேச்சு வினைகளும் இந்தக் கூட்டத்துக்குள் கலந்து நிற்கின்றன.

முதல் சோதனைக்குக் கடிதச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆட்சியருக்கு எழுதும் மனு இச்செயலைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மனுவில் 'கம்ப்ளெயின்' செய்யலாம், 'ப்ளீட்' செய்யலாம், 'லமென்ட்' செய்யலாம். அதாவது குறை சொல்லலாம், மன்றாடலாம், நொந்துகொள்ளலாம். மனுவில் 'மம்பிள்' செய்ய முடியாது, 'ஸ்க்ரீம்' செய்ய முடியாது. முதல் வகை செயலைக் குறிப்பது, இரண்டாம் வகை ஒலியைக் குறிப்பது. செயலைக் குறிக்கும் வினைக்குத் தமிழில் பெரும்பாலும் நேர்ச்சொல் கிடைத்துவிடும். ஒலியைக் குறிக்கும் வினைதான் நம்மைத் தேட வைக்கும்.

இரண்டாவது தனிமைச் சோதனை. ஆளில்லாத வாய்க்கால் கரையில் ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியுமா? முனகல் வகையைச் சேர்ந்த 'குரோன்', 'மோன்', அப்புறம் 'மட்டர்' எல்லாம் முடியும். 'ஸ்னாப்' முடியாது, வெடுக்கென்று விழுவதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். கெஞ்சவும் ஓர் ஆள் வேண்டும். தமிழில் இந்தச் சோதனையில் அழகாகத் தேறும் சொல் ஒன்று உண்டு. புலம்புதல் என்பதன் வேர்ச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருளே தனிமை. கேட்பதற்கு ஆள் இல்லாதவனின் பேச்சே புலம்பல். ஆள் இருந்தும் கேளாதபோது நாம் புலம்பினோம் என்று சொல்லிக்கொள்வதும் அதனால்தான்.

படி 4: குறை சொல்லும் சொற்கள்

கற்போர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. ஆகையால் இங்கே நிதானமாக நிற்போம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை: பிறர் இகழ்வது, உற்றதை இழப்பது, முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. இந்தப் பகுப்பை ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது. நம் மரபு ஏன் அழுகிறாய் என்று கேட்கிறது. ஆங்கில வினைச்சொல் அந்த அழுகை எப்படிக் கேட்கிறது என்று சொல்கிறது. 'சாப்' (விம்முதல்), 'வெய்ல்', 'மோன்' ஆகியவற்றில் எதுவும் காரணத்தைச் சொல்லாது. ஒலியை மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தைக் கதையிடம் விட்டுவிடும். ஆகவே அகராதியில் காரணத்தைத் தேடுபவர் ஏமாறுவார்.

இனி நம் கடைமடை விவசாயியிடம் வருவோம். அவர் 'கிரம்பிள்' செய்கிறார் என்றால், தாழ்ந்த குரலில், தொடர்ச்சியாக, சிடுசிடுப்போடு சொல்கிறார். தீர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. தூரத்து இடியோசைக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் பொருந்தும். அவர் 'குரோன்' செய்கிறார் என்றால் அது குறுகிய ஒலி, மேலே ஒரு சுமை வந்து விழுந்ததன் ஒலி. மூட்டை ஏற்றிய வண்டியும் பழைய கதவும்கூட 'குரோன்' செய்யும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டால், களத்தில் வரிசையாக நிற்பவர்களிடமிருந்து ஒருசேர எழுவது 'குரோன்'. 'மோன்' அதைவிட நீண்டது, இழுவையானது. வலியால் முனகுவதே அதன் மூலப்பொருள். பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் எப்போதும் எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் அதுவே பெயர். முனகுதல் என்ற நம் சொல் இந்த இரண்டாம் பொருளுக்கும் ஓரளவு நீளும்.

அடுத்தது 'வைன்'. இதில் மூன்று பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: உயர்ந்த, மெல்லிய, இழுபடும் குரல் ஒன்று, விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது மற்றொன்று, இவற்றைக் கேட்பவரின் வெறுப்பு மூன்றாவது. இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் மொழிபெயர்ப்பே கெட்டுவிடும். "நான் 'வைன்' செய்கிறேன்" என்று தன்னைப் பற்றி யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள். அது எப்போதும் அடுத்தவரைப் பற்றிச் சொல்லும் சொல். தமிழில் பலரும் இதற்குச் "சிணுங்கினான்" என்று எழுதுகிறார்கள். சிணுங்கலில் நமக்கு ஒரு செல்லம் உண்டு. குழந்தை சிணுங்கினால் தூக்கிக்கொள்கிறோம். திரைப்பாட்டில் நாயகி சிணுங்கினால் நாயகன் மயங்குகிறான். 'வைன்' யாரையும் மயக்காது. மூக்கால் அழுதான் என்பதே சரியான சொல். நை நை என்று பிடுங்கினான் என்பதும் இடத்தைப் பொறுத்துப் பொருந்தும்.

இதன் விளைவு சிறியதன்று. குறைதீர்க்கும் கூட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில், விவசாயிகள் தண்ணீர் வரவில்லை என்று 'கம்ப்ளெயின்' செய்தார்கள் என்றால் அது நடந்ததைச் சொல்வது. அதே இடத்தில் 'வைன்' என்று எழுதியிருந்தால், எழுதியவர் அவர்களை இகழ்கிறார். இரண்டையும் "குறை கூறினர்" என்று தமிழாக்கினால் இகழ்ச்சி மறைந்துவிடும். வாசகர் கோபப்பட வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டுப் போவார்.

இங்கே ஓர் ஒலி மயக்கத்தையும் எச்சரிக்க வேண்டும். 'விம்பர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் விம்முதல் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டும் உறவுச்சொற்கள் என்றே ஒரு மாணவி என்னிடம் வாதாடினார். 'விம்பர்' அச்சத்தாலும் வலியாலும் வரும் மெலிந்த, உடைந்த குரல். அடிபட்ட நாய்க்குட்டியின் குரல். விம்முதல் நெஞ்சு நிறைந்து மூச்சுத் தடைப்பட்டு வருவது. அதற்கு நேரானது 'சாப்'. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

'வெய்ல்' உயர்ந்த, நீண்ட, அடக்கப்படாத ஓலம். 'லமென்ட்' அவ்வாறன்று, கடிதச் சோதனையில் தேறியதைப் பார்த்தோம். இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து பாடும் ஒப்பாரி 'லமென்ட்'. அதற்குச் சொல் உண்டு, இராகம் உண்டு, இறந்தவரின் வரலாறு உண்டு. பிணத்தை எடுக்கும்போது எழும் ஓலம் 'வெய்ல்'. சாதாரண நாளில் "சும்மா ஒப்பாரி வைக்காதே" என்று ஒருவரை அதட்டுகிறோமே, அந்த ஒப்பாரிக்கு ஆங்கிலம் 'மோன்' அல்லது 'வைன்'. ஒரே தமிழ்ச்சொல், மரியாதையோடு சொன்னால் ஓர் ஆங்கில வினை, எரிச்சலோடு சொன்னால் வேறொன்று.

இந்தப் படியில் ஐயம் தீராவிட்டால், போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா காட்டிய வழி உதவும். பேச்சுச் செயல்களைக் குறிக்கும் ஆங்கில வினைகளுக்கு 1987இல் வெளியான தம் அகராதியில், ஒவ்வொரு சொல்லையும் வேறொரு கடினச் சொல்லால் விளக்காமல், பேசுபவர் தன்மையில் சொல்வது போன்ற எளிய வாக்கியங்களாக உடைத்துக் காட்டினார். என் மாணவர்களை நான் அவ்வாறே எழுதச் சொல்கிறேன். 'கம்ப்ளெயின்': எனக்குக் கெடுதல் நேர்ந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன், யாராவது ஏதாவது செய்ய வேண்டும். 'கிரம்பிள்': எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிக்கொண்டே இருப்பேன், எதுவும் மாறாது என்று எனக்குத் தெரியும். இரண்டு வரி எழுதியதும் வேறுபாடு தானாக மேலே மிதந்து வரும்.

படி 5: விலங்குகளிடம் கடன் வாங்கிய கோபம்

ஆங்கிலத்தில் கோபப் பேச்சைக் குறிக்கும் சொற்களில் பல விலங்குகளுடையவை. 'பார்க்' நாயுடையது, 'கிரவுல்' நாயும் கரடியும் அடித்தொண்டையில் எழுப்புவது, 'ஸ்னார்ல்' அதே நாய் பல்லைக் காட்டுவது, 'ஹிஸ்' பாம்புடையது, 'பெல்லோ' காளையுடையது, 'ரோர்' சிங்கத்துடையது. நமக்கு இது சிரமமாக இருக்கக் கூடாது. நாய் குரைக்கும், யானை பிளிறும், ஆந்தை அலறும், மயில் அகவும் என்று ஒலிமரபைத் தொடக்கப்பள்ளியிலேயே ஒப்பித்தவர்கள் நாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படைத்தலைவர் ஓர் ஆணையை 'பார்க்' செய்தார் என்று ஆங்கிலக் கதை சொன்னால், அதில் அவரை நாயாக்கும் எண்ணம் குறைவு. குறுகிய, உரத்த, வெட்டி வெட்டி வரும் கட்டளை என்பதே பொருள். தமிழில் "தலைவர் குரைத்தார்" என்று எழுதினால் அது வசவு. ஆகவே "அதட்டினார்" என்று எழுத வேண்டும். நம் கடைமடை வாக்கியத்தை 'பார்க்' உடன் பொருத்திப் பாருங்கள், ஒட்டாது. அது நீண்ட மனக்குறை, 'பார்க்' கேட்பது "மதகைத் திற!" போன்ற வெட்டு வாக்கியம். மாறாக, சீறினாள், உறுமினான், கர்ஜித்தார் என்பவை தமிழில் மனிதருக்கும் இழுக்கில்லாமல் வழங்குகின்றன. 'ஹிஸ்' என்பதற்குச் சீறு பொருந்தும், ஒரு திருத்தத்தோடு: ஆங்கில 'ஹிஸ்' தாழ்குரல் கோபம், மற்றவர் காதில் விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது, தமிழ்ச் சீற்றம் உரத்தும் இருக்கலாம். கல்யாண வீட்டில் விருந்தினர் நடுவே கணவனை ஒருத்தி கண்டிப்பது 'ஹிஸ்'. அங்கே "பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்" என்றே எழுதுங்கள்.

'ஸ்னாப்' பற்றி இன்னும் ஒன்று: அது நேரத்தைப் பற்றிய சொல். திடீரென்று வந்து, குறுகி, முடிந்துவிடும். 'ஸ்னார்ல்' பகையைப் பற்றியது. முடிந்த பிறகும் மிச்சம் இருக்கும். வெடுக்கென்று பேசியவர் ஐந்து நிமிடத்தில் காபி கொண்டுவந்து கொடுக்கலாம். உறுமியவர் கொடுக்கமாட்டார்.

படி 6: வினைக்குப் பின்னால் வரும் சிறு சொல்

ஆங்கிலத்தில் 'ஷவுட்' என்ற வினைக்குப் பின் 'டு' வந்தால் ஒரு பொருள், 'அட்' வந்தால் வேறு பொருள். அரசலாற்றின் அக்கரையில் நிற்பவரிடம் நீங்கள் தண்ணீர் வரவில்லை என்று உரக்கச் சொன்னால் அது 'ஷவுட் டு'. தூரத்தைக் கடப்பதற்காக உயர்ந்த குரல். பக்கத்தில் நிற்கும் லஸ்கரிடம் அதே அளவு உரக்கச் சொன்னால் அது 'ஷவுட் அட்'. அவரைக் குறிவைத்து எறிந்த குரல். 'அட்' என்பது குறியைக் காட்டும் சொல்; கல்லை ஒருவர்மேல் எறிவதற்கும் ஆங்கிலம் அதையே பயன்படுத்துகிறது. தமிழில் முதலாவது "கூப்பிட்டுச் சொன்னார்", இரண்டாவது "சத்தம் போட்டார்" அல்லது "எரிந்து விழுந்தார்". 'யெல்' என்பதற்கும் 'ஸ்க்ரீம்' என்பதற்கும் இதே விதி பொருந்தும். பார்வைக்குச் சிறிய இந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்துவிடுவதால் எழும் பிழைகள், வினைச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் எழும் பிழைகளைவிடக் கூடுதல் என்பது என் அனுபவம்.

படி 7: அச்சம், கெஞ்சல், வாய்தவறல்

இவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். 'ஸ்க்ரீம்' பொதுவான அலறல். 'ஷ்ரீக்' அதைவிடக் கூர்மையானது, குறுகியது, மகிழ்ச்சியிலும் வரும். 'ஸ்க்ரீச்' காதைக் கிழிப்பது, பேருந்து பிரேக் போடும்போதும் அதே சொல்தான். 'காஸ்ப்' மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு பேசுவது. ஓடிவந்த களைப்பா, அதிர்ச்சியா என்பதைச் சூழல் சொல்லும். அச்சத்தில் 'ஸ்டாமர்' செய்தான் என்பதற்குத் திக்கித் திணறினான் என்பது போதும். பேச்சுக் குறையுடையவரைப் பற்றிய இடமாக இருந்தால் மட்டும் சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கெஞ்சும் சொற்களில் ஒலி இல்லை. இருப்பது ஆழ வேறுபாடு. 'பெக்' கெஞ்சுவது, பிச்சை கேட்பதும் அதே சொல். 'இம்ப்ளோர்' என்பதன் இலத்தீன் வேரில் அழுகை இருக்கிறது. எழுத்து நடைக்குரிய, கனமான சொல், இறைஞ்சுதலுக்கு நெருக்கம். 'ப்ளீட்' காரணங்களை அடுக்கித் திரும்பத் திரும்பக் கேட்பது. அது வழக்காடு மன்றத்துச் சொல்லும்கூட. நம் மன்றாடு என்ற சொல்லுக்குள்ளும் ஒரு மன்றம் இருப்பதைக் கவனித்தால் இந்தப் பொருத்தத்தை மறக்கமாட்டீர்கள். மேலும் இவை எல்லாம் வேண்டுகோளைக் கேட்கும் வினைகள் என்பதால், "தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை" என்ற வாக்கியம் அப்படியே இவற்றோடு சேராது. "தண்ணீரை விடச் சொல்லுங்கள் ஐயா" என்று மாற்றினால்தான் சேரும்.

'ப்ளர்ட்' என்பது மறைக்க வேண்டியதை வாய்தவறிக் கொட்டிவிடுவது. தண்ணீர் வரவில்லை என்பதை ஒருவர் 'ப்ளர்ட்' செய்தார் என்றால், அதைச் சொல்லாதே என்று அவரிடம் முன்பே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு சிறுகதையே அடங்கிவிடுகிறது.

படி 8: தமிழில் எழுதும்போது

பிரித்ததை இனித் தமிழில் சேர்க்க வேண்டும். நம்மிடம் மூன்று கருவிகள் இருக்கின்றன. முதலாவது தனி வினை: கெஞ்சு, சீறு, புலம்பு, பிதற்று, அதட்டு. இரண்டாவது ஒலிக்குறிப்புச் சொற்கள்: வெடுக்கென்று, சள்ளென்று, கடுகடுவென்று, தொணதொணவென்று. மூன்றாவது உடலைக் காட்டும் எச்சங்கள்: பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டை அடைக்க, மூச்சு வாங்க, குரல் தழுதழுக்க. ஆங்கில வினைக்கு ஒரே ஒரு தமிழ் வினையைத்தான் தர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால், இரண்டாவதும் மூன்றாவதும் ஆங்கிலத்தைவிட நுட்பமாகவே வேலை செய்யும். தழுதழுத்தல் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நான் களைத்ததுண்டு.

அதே வேளையில், "என்றான்" என்ற சொல்லை இகழ வேண்டாம். அது வாசகர் கண்ணில் படாமல் கடந்துபோகும் சொல். அதுவே அதன் பெருமை. மூலத்தில் 'சொன்னான்' என்று மட்டும் பொருள்படும் 'செட்' இருக்கும் இடத்தில் "உறுமினான்", "சீறினான்" என்று மசாலா சேர்ப்பது மொழிபெயர்ப்பாளர் வேலையன்று. மூன்று உரையாடலுக்கு ஒரு 'ஸ்னார்ல்' இருந்தால் அது உறைக்கும்; எல்லாமே 'ஸ்னார்ல்' என்றால் நாய்ப்பட்டி ஆகிவிடும்.

ஒரு பயிற்சி

நானே எழுதிப் பயிற்சிக்குக் கொடுக்கும் ஆங்கிலப் பத்தியின் கதை இது. கொள்முதல் நிலையத்தில் மூன்று நாளாகக் காத்திருக்கும் முதியவர், தம் மூட்டைகளை இன்றாவது எடுத்துக்கொள்ளுமாறு எடைபோடும் இளைஞனிடம் 'ப்ளீட்' செய்கிறார். அவன் வரிசையைப் பார்க்கும்படி 'ஸ்னாப்' செய்கிறான். பின்னால் நிற்பவர் எதையோ 'மட்டர்' செய்கிறார். வானம் இருட்டுகிறது, கூட்டம் 'குரோன்' செய்கிறது. முதியவரின் மனைவி தார்ப்பாயை இழுத்து மூடியபடி, நெல்லிடம் பேசுவது போல, 'மர்மர்' செய்கிறாள்.

முதல் நான்கும் இப்போது உங்களுக்கு எளிதாகவே வரும்: மன்றாடினார்; வெடுக்கென்று சொன்னான்; முணுமுணுத்தார்; கூட்டத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐந்தாவதற்கு என் வகுப்பில் ஒருமித்த விடை இதுவரை வந்ததில்லை. "முணுமுணுத்தாள்" என்றால் அவள் சலித்துக்கொள்கிறாள். "கிசுகிசுத்தாள்" என்றால் செய்தித்தாள் வம்பு நினைவுக்கு வருகிறது. "மெல்லிய குரலில் பேசினாள்" என்பதில் பிழையில்லை, உயிரும் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர் சென்ற ஆண்டு "குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பவளைப் போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்" என்று எழுதினார். மூலத்தில் ஒரு சொல் இருந்த இடத்தில் அரை டஜன் சொற்கள் வந்துவிட்டன என்று முதலில் தயங்கினேன். பிறகு அதையே என் பிரதியில் எழுதி வைத்துக்கொண்டேன்.